டிபேட்டுக்குப் பிள்ளைகளை எப்படித் தயார் செய்வது? தலைப்பு: எந்த வகைப் பள்ளி நல்லது

வேர்க்கிளம்பி டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில், வேர்க்கிளம்பி பக்கத்தில் ஒரு சின்ன நூலகம். அதன் பின்னறையில் சனி, ஞாயிறு சாயங்காலம் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கிறேன். காசு வாங்குவதில்லை. பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற நேரத்தில் இதைச் செய்கிறேன். மொத்தம் பதினெட்டுப் பிள்ளைகள். ஏழு பேர் அரசுப் பள்ளி, ஆறு பேர் உதவி பெறும் மிஷன் பள்ளி, ஐந்து பேர் மெட்ரிக்.

போன மாதம் ஒரு டிபேட் வைத்தேன். "அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா, எது நல்லது?" எல்லோருக்கும் பேச ஏதாவது இருக்கும் என்று நினைத்துத்தான் அந்தத் தலைப்பை எடுத்தேன். நடந்தது வேறு. மெட்ரிக்கில் படிக்கிற இரண்டு பையன்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒரு பிள்ளை வீட்டில் யாரோ எழுதிக்கொடுத்த தாளை மனப்பாடமாக ஒப்பித்தாள், நடுவில் ஒரு வார்த்தை மறந்ததும் திரும்ப முதல் வரியிலிருந்து தொடங்கினாள். மற்றவர்கள் குனிந்த தலை நிமிரவில்லை. அந்த மெட்ரிக் பையன்களில் ஒருத்தன் "கவர்ன்மென்ட் ஸ்கூல் இஸ் ஃபார் புவர் பீப்பிள்" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவனிடம் இருந்த ஆங்கிலத்தில் அதுதான் வந்தது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளை, அவள் அம்மா அண்டியாபீசில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், வேலை செய்கிறவர், அடுத்த இரண்டு வாரம் வரவே இல்லை. நான் வீட்டுக்குப் போய்ப் பேசித்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். இன்னும் அது எனக்கு மனசில் கிடக்கிறது.

இதே பிள்ளைகள் வகுப்பு முடிந்து வாசல் படியில் உட்கார்ந்து தமிழில் வாதம் செய்வதைக் கேட்க வேண்டும். ஒருத்தன் சொன்னதை இன்னொருத்தன் பிடித்து மடக்குவான், உதாரணம் காட்டுவான், "அப்படின்னா போன தடவை நீ சொன்னது என்ன?" என்பான். பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். யோசிக்கத் தெரியும், பேசத் தெரியும். ஆங்கிலம் என்றதும் மட்டும் வாய் அடைத்துவிடுகிறது.

இன்னும் மூன்று வாரத்தில் பெற்றோர்களை வரவழைத்து அவர்கள் முன்னால் ஒரு டிபேட் வைக்க வேண்டும். பள்ளி வகைகள் என்ற விஷயத்தை விட எனக்கு மனசில்லை, ஏனென்றால் அது அவர்கள் தினமும் வாழ்கிற விஷயம். தலைப்பை எப்படி மாற்றினால் யாருக்கும் வலிக்காது? பேசாத பிள்ளையைப் பேச வைக்க என்ன செய்யலாம்? முதலில் தமிழில் பேச விடலாமா, கூடாதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற வாத்தியார், குழித்துறை:

மக்களே, முதலில் ஒன்று. வீட்டுக்குப் போய் அந்தப் பிள்ளையைக் கூட்டிவந்தது பெரிய காரியம். முப்பத்தோரு வருஷம் உதவி பெறும் பள்ளியில் ஆங்கிலம் எடுத்தவன் சொல்கிறேன், அப்படி ஒரு தடவை நின்றுபோன பிள்ளை தானாகத் திரும்பி வருவது அபூர்வம்.

தமிழில் பேச விடலாமா என்று கேட்டாய். கட்டாயம் விட வேண்டும், முதல் பத்து நிமிஷம் முழுத் தமிழில் பட்டிமன்றமாகவே நடத்து. சரக்கு இல்லாமல் எந்த மொழியிலும் பேச முடியாது. அப்புறம் அவர்கள் சொன்னதிலேயே ஆறேழு வாதங்களை எடுத்துப் பலகையில் எழுதி, இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று உட்கார்.

அங்கேதான் உண்மையான இடைஞ்சல் தெரியும். நம் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் வார்த்தை தெரியாமல் இல்லை, வாக்கியம் போகிற திசை தலைகீழாக இருப்பதால். தமிழில் காரணம் முன்னால் வரும், முடிவு கடைசியில் வரும். "ஃபீஸ் கம்மி, வீட்டுக்குப் பக்கம், அதனால அந்தப் பள்ளிதான் நல்லது" என்போம். இதே வரிசையில் ஆங்கிலத்தில் தொடங்கினால் "பிகாஸ் ஃபீஸ் லெஸ், பிகாஸ் ஹவுஸ் நியர்..." என்று போய், முடிவுக்கு வரும் முன்பே மூச்சு முட்டிவிடும். ஆங்கிலத்தில் முடிவை முதலில் போட்டுவிட்டுக் காரணத்தைப் பின்னால் ஒட்டுவதுதான் லகுவான வழி. "ஐ திங்க் திஸ் ஸ்கூல் இஸ் பெட்டர் பிகாஸ் இட் இஸ் நியர் ஹர் ஹவுஸ்." இந்த ஒரு வாக்கியத்தை நூறு தடவை வெவ்வேறு காரணங்களோடு சொல்ல வை. விளையாட்டு மாதிரி, வட்டமாக நின்று ஆளுக்கு ஒன்று.

மறுத்துப் பேசுவதற்கும் இதே கதைதான். தமிழில் "பஸ் வசதி இருக்கு என்று நீ சொன்னாய், ஆனால்..." என்கிறோம். 'என்று சொன்னாய்' கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் அது முன்னால் வந்து நிற்க வேண்டும்: "யூ ஸெட் தட் தேர் இஸ் எ பஸ், பட்..." இந்த 'யூ ஸெட் தட்', 'பட்' இரண்டும் நாக்கில் உட்கார்ந்துவிட்டால் பாதி டிபேட் முடிந்தது.

அடுத்து ஒப்பிடுவது. தமிழில் 'நல்லது' என்ற சொல் மாறுவதே இல்லை, 'அதைவிட நல்லது' என்று முன்னால் ஒன்றைச் சேர்க்கிறோம், அவ்வளவுதான். அதனால்தான் "திஸ் ஸ்கூல் இஸ் குட் தேன் தட் ஸ்கூல்" என்கிறார்கள், திருத்தினால் "மோர் பெட்டர்" என்கிறார்கள். பள்ளி வகை என்ற தலைப்பே முழுக்க ஒப்பீடு. பெட்டர், சீப்பர், நியரர், ஸ்மாலர், சேஃபர், மோர் எக்ஸ்பென்சிவ், இப்படிப் பத்து சொல் போதும், அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளட்டும்.

இரண்டு பேர் மட்டும் பேசுவதற்கு ஒரு மருந்து சொல்கிறேன். உன் ஊரில் ரப்பர் மரத்துக் காய்க்குப் பஞ்சம் இல்லை. ஆளுக்கு மூன்று ரப்பர் காய் கொடு. ஒரு தடவை பேசினால் ஒன்றை நடுவில் போட வேண்டும். மூன்றும் தீர்ந்தவன் மற்றவர்கள் எல்லோரும் ஒன்றாவது போடும்வரை வாய் திறக்கக் கூடாது. முதல் நாள் அந்த இரண்டு பையன்களுக்கும் தாங்க முடியாது. இரண்டாவது நாள் அவர்களே பக்கத்துப் பிள்ளைக்கு "நீ இதைச் சொல்லு" என்று காதில் சொல்லிக்கொடுப்பார்கள். அது நடந்தால் கண்டுகொள்ளாதே, நடக்க வேண்டியதே அதுதான்.

பேசும்போது இலக்கணத்தைத் திருத்தாதே. தாளில் குறித்து வைத்துக்கொள், அடுத்த வாரம் யார் சொன்னது என்று சொல்லாமல் பலகையில் எழுதி எல்லோருமாகத் திருத்துங்கள்.

மார்த்தாண்டம் ட்ரெய்னர்:

வாத்தியார் சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன், தமிழ் விஷயத்தில் மட்டும் இல்லை. நான் வெளிநாடு போகும் நர்ஸ்களுக்கு ஓ.இ.டி., ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வுகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன். தமிழிலோ மலையாளத்திலோ யோசித்து மனசுக்குள் மொழிபெயர்க்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டால் கழற்றுவது எவ்வளவு பாடு என்று தினமும் பார்க்கிறேன். பத்து வருஷம் ஐ.சி.யு.வில் வேலை பார்த்தவர்கள், விஷயம் முழுக்கத் தெரியும், ஆனால் பரீட்சையில் ஒரு நோயாளியின் உறவினருக்கு விளக்கிச் சொல் என்றால் உறைந்துவிடுகிறார்கள். சின்ன வயசிலேயே ஆங்கிலத்தில் தப்பும் தவறுமாக யோசிக்கப் பழகினால் அந்தப் பயம் வராது. அதனால் தமிழ் பத்து நிமிஷம் என்றால் பத்து நிமிஷத்தோடு நிறுத்துங்கள் டீச்சர், அது நாற்பது நிமிஷம் ஆகிவிடும்.

ஆனால் அந்தப் பரீட்சைகளிலிருந்தே உங்களுக்கு இரண்டு விஷயம் எடுத்துக்கொள்ளலாம். ஐ.இ.எல்.டி.எஸ். பேச்சுத் தேர்வின் இரண்டாவது பகுதியில் ஒரு அட்டை கொடுத்து, ஒரு நிமிஷம் யோசிக்க விட்டு, இரண்டு நிமிஷம் வரை பேசச் சொல்வார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் முழு வாக்கியம் எழுதுகிறவன் தோற்பான், நான்கைந்து சொல் மட்டும் குறிப்பவன் பேசிவிடுவான். உங்கள் பிள்ளைகள் மனப்பாடம் செய்யாமல் இருக்க வேண்டுமென்றால் தீப்பெட்டி அளவு தாள் மட்டும் கொடுங்கள். அதில் வாக்கியம் எழுத இடமே இருக்காது.

அப்புறம் ஒரே பேச்சை மூன்று தடவை மூன்று வேறு ஆட்களிடம் பேச வையுங்கள், ஒவ்வொரு தடவையும் நேரத்தைக் குறைத்து. முதலில் இரண்டு நிமிஷம், பிறகு ஒன்றரை, பிறகு ஒன்று. இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்க வைத்து ஒரு வரிசை மட்டும் ஒரு ஆள் நகர்ந்தால் போதும். பதினெட்டுப் பேரில் ஒன்பது பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள், இரைச்சலில் யாரும் யாரையும் கவனிக்க மாட்டார்கள், வெட்கப்படுகிற பிள்ளைக்கு அதுதான் வேண்டும். மூன்றாவது தடவை பேசும்போது முகத்தைப் பாருங்கள்.

ஓ.இ.டி.யில் ரோல் ப்ளே உண்டு. நீ இன்னார், உன் எதிரே இருப்பவர் இன்னார், அவருக்கு இன்ன கவலை என்று அட்டையில் இருக்கும். படிக்க மூன்று நிமிஷம், பேச ஐந்து நிமிஷம். தலைப்பு யாருக்கும் வலிக்கக் கூடாது என்று கேட்டீர்களே, இந்த அட்டை முறையை யோசித்துப் பாருங்கள். பிள்ளை தன்னைப் பற்றிப் பேச வேண்டியதில்லை, அட்டையில் இருக்கிற ஆளாகப் பேசினால் போதும்.

நாஞ்சில் நாட்டான்:

நான் ஆசிரியர் இல்லை, ஊர் வரலாறு தேடிப் படிக்கிறவன். இந்தத் தலைப்பைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது, கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொற்களைச் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் இரண்டு அணியும் வெவ்வேறு பொருளில் பேசிக்கொண்டிருக்கும். 'பப்ளிக் ஸ்கூல்' என்றால் அமெரிக்காவில் அரசு நடத்தும் பள்ளி. இங்கிலாந்தில் நேர் எதிர், பெரும் கட்டணம் வாங்கும் பழைய பள்ளிகளுக்குத்தான் அந்தப் பெயர். 1440-இல் தொடங்கிய ஈட்டன் அப்படி ஒன்று, 1868-இல் ஈட்டன், ஹாரோ உட்பட ஏழு பள்ளிகளுக்காகப் பப்ளிக் ஸ்கூல்ஸ் சட்டம் என்றே ஒன்று போட்டார்கள். நம் ஊரில் போர்டில் 'பப்ளிக் ஸ்கூல்' என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளி. பிள்ளைகளைக் கேட்டால் பப்ளிக் என்றால் பத்தாம் வகுப்புப் பரீட்சை என்பார்கள். இன்டர்நெட்டில் ஆங்கிலக் கட்டுரையைப் படித்துவிட்டு வந்து அப்படியே பேசினால் குழப்பம்தான். 'கவர்ன்மென்ட்', 'எய்டட்', 'பிரைவேட்' என்று மூன்று சொல் மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அந்த நடுவில் இருக்கிற 'எய்டட்' தான் நம் மாவட்டத்தின் விசேஷம். உதவி பெறும் பள்ளியில் ஆசிரியருக்குச் சம்பளம் அரசு கொடுக்கிறது, நிர்வாகம் சபையிடமோ மறைமாவட்டத்திடமோ அறக்கட்டளையிடமோ இருக்கிறது. அது அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா? இந்த ஒரு கேள்வியைப் பிள்ளைகளிடம் போட்டுவிட்டு நீங்கள் ஒதுங்கி நின்றாலே அரை மணி நேரம் ஓடும், அதுவும் பதினெட்டுப் பேரில் ஆறு பேர் அங்கே படிக்கிறவர்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இதற்குத் தயார் விடை கிடையாது, அதனால் மனப்பாடத்துக்கும் இடமில்லை.

பெரியவர்கள் வீட்டில் சொல்கிற சில வாதங்களைப் பிள்ளைகள் அப்படியே கொண்டுவருவார்கள், அதை உடைக்கத் தேவையான செய்திகளை எதிர் அணிக்குக் கொடுங்கள். உதாரணமாக "மெட்ரிக்கில் பாடம் பெரியது, கடினமானது" என்பார்கள். ஒரு காலத்தில் அங்கே பாடத்திட்டம் தனியாக இருந்தது. சமச்சீர் கல்விச் சட்டம் 2010-இல் வந்தது, 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது, அதற்குப் பிறகு அரசுப் பள்ளியும் மெட்ரிக்கும் ஒரே பாடப்புத்தகம், ஒரே பொதுத்தேர்வு. "தனியார் பள்ளியில் காசு கட்டுகிறவர்கள் மட்டும்தான்" என்றால், 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. ஆனால் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, நம் மாவட்டத்தில் அது சின்ன விஷயம் இல்லை. அரசுப் பள்ளி அணி சொல்வதற்கு, அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, 2020-இல் வந்தது.

வரலாறு வேண்டுமென்றால் அதுவும் நம் காலடியிலேயே கிடக்கிறது. 1809-இல் மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே தொடங்கிய பள்ளி, 1819-இல் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கென்று மிஷனரிகள் தொடங்கிய பள்ளி (இன்றைய டதி பள்ளி). இடையில் 1817-இல் திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய், மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ஆணை போட்டார். அப்போது நாம் திருவிதாங்கூர், தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். இதில் யாருக்குப் பங்கு அதிகம், அரசுக்கா மிஷனுக்கா என்று ஒரு தலைப்பே வைக்கலாம். ஒன்பதாம் வகுப்புக்குக் கொஞ்சம் கனம்தான், ஆனாலும் என் ஆசை அது.

ஆண், பெண் சேர்ந்து படிப்பது பற்றி வைத்தாலும் நன்றாக இருக்கும். எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், 2022-இல் கேரளக் குழந்தைகள் உரிமை ஆணையம் எல்லாப் பள்ளிகளையும் இருபாலர் பள்ளிகளாக மாற்றச் சொல்லி உத்தரவு போட்டது. பிள்ளைகளுக்குப் பக்கத்துச் செய்தி.

கடப்புறத்துப் பிள்ளை, குளச்சல்:

நான் இப்போது காலேஜ் கடைசி வருஷம். இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கும் இப்படி ஒரு டிபேட் வைத்தார்கள், பள்ளிப் பெயர் வேண்டாம். என்னை அரசுப் பள்ளிக்கு ஆதரவாகப் பேசச் சொன்னார்கள், ஏனென்றால் எட்டாம் வகுப்பு வரை நான் அங்கே படித்துவிட்டு வந்தவள். "உனக்குத்தானே தெரியும்" என்றார்கள். எதிரே இருந்தவர்கள் அரசுப் பள்ளியில் கழிப்பறை மோசம், இங்கிலீஷ் வராது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றும் என்னையும் எங்கள் வீட்டையும் சொன்ன மாதிரி இருந்தது. அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். சத்துணவு சாப்பிட்டதைப் பற்றி ஒருத்தி சிரித்தாள். எனக்குப் பதில் தெரியும், தமிழில் கேட்டிருந்தால் கிழித்திருப்பேன். ஆங்கிலத்தில் அழுகைதான் வந்தது.

அதனால் என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று, டீச்சர். எந்தப் பிள்ளையையும் அதன் சொந்தப் பள்ளிக்காக வாதாட விடாதீர்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டு அணி பிரியுங்கள். பாதியில் அணியை மாற்றுங்கள், இதுவரை எதிர்த்தவன் இனி ஆதரிக்க வேண்டும். அப்போது சொல்கிற சொல் எதுவும் ஆளின் மேல் ஒட்டாது. 'ஆல்' என்ற சொல்லுக்கும் தடை போடுங்கள். ஆல் கவர்ன்மென்ட் ஸ்கூல்ஸ், ஆல் பிரைவேட் ஸ்கூல்ஸ் என்று யாரும் தொடங்கக் கூடாது. சம், மெனி, மோஸ்ட், சம்டைம்ஸ் என்று சொல்லிப் பழகட்டும். அந்த ஒரு சொல்லில்தான் எனக்கு வலித்தது.

தலைப்பையும் "எது நல்லது" என்று வைக்காதீர்கள். யாருக்கு நல்லது என்று வையுங்கள். ட்ரெய்னர் அண்ணன் சொன்ன அட்டையில் கற்பனையாக ஒரு பிள்ளையை உண்டாக்குங்கள். முட்டத்தில் ஒரு பிள்ளை, அப்பா ஆழ்கடலுக்குப் போனால் வர நாளாகும், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், இவளுக்குக் கணக்கு நன்றாக வரும். பக்கத்தில் அரசுப் பள்ளி, பஸ்ஸில் போனால் பெண்கள் மட்டும் படிக்கும் மிஷன் பள்ளி, இன்னும் தள்ளி மெட்ரிக், நாகர்கோவிலில் போர்டிங். இவளை எங்கே சேர்க்கலாம்? அந்தப் பிள்ளைக்காகப் பேசும்போது எல்லோருக்கும் அக்கறை வந்துவிடும், யாரும் யாரையும் கீழே தள்ள வேண்டியதில்லை.

வேர்க்கிளம்பி டீச்சர்:

கடப்புறத்துப் பிள்ளை, நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். அந்தத் தப்பைத்தான் நானும் செய்திருக்கிறேன், அரசுப் பள்ளிப் பிள்ளைகளை அரசுப் பள்ளி அணியில் உட்கார வைத்தது நான்தான். சீட்டுக் குலுக்கல் கட்டாயம் உண்டு. 'ஆல்' தடையும் உண்டு.

ட்ரெய்னர் சார், தமிழ் பற்றி நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் என் பிள்ளைகள் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை, தமிழை மூடினால் வாய் முழுதாக மூடிக்கொள்கிறது. முதல் வாரம் தமிழ் பத்து நிமிஷம், இரண்டாவது வாரம் ஐந்து, மூன்றாவது வாரம் கிடையாது, இப்படிக் குறைத்துப் பார்க்கிறேன்.

ஓய்வு பெற்ற வாத்தியார், குழித்துறை:

அது சரியான கணக்கு. இன்னொன்று விட்டுப்போயிற்று. மறுத்துப் பேசும் முன் எதிராளி சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி வை. "யூ ஸெட் தட்..." என்று சொன்னதும் எதிராளி "எஸ்" என்று தலையாட்டினால்தான் மேலே பேசலாம், "நோ" என்றால் திரும்பக் கேட்க வேண்டும். டிபேட்டில் பிள்ளைகள் காது கொடுப்பதே இல்லை, தன் முறை எப்போது வரும் என்று தாளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த விதி போட்டால் கேட்டே ஆக வேண்டும். பெற்றோர் கூட்டம் எப்படி நடந்தது என்று மறக்காமல் இங்கே எழுது மக்களே.

வேர்க்கிளம்பி டீச்சர்:

நேற்று நடந்து முடிந்தது. தொண்டை கட்டிப்போய் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மூன்று வாரமும் எல்லாம் ஒழுங்காகப் போனது என்று சொல்ல மாட்டேன். முதல் வாரம் ரப்பர் காயை வைத்து ஒருத்தன் கோலி விளையாடத் தொடங்கிவிட்டான். இரண்டு வரிசையாக நின்று பேசுவது மட்டும் முதல் நாளே பிடித்துப்போயிற்று. இரைச்சல் தாங்காமல் நூலகர் வந்து எட்டிப் பார்த்தார், பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார். 'யூ ஸெட் தட்' இப்போது வகுப்புக்கு வெளியேயும் கேட்கிறது, தமிழ்ச் சண்டைக்கு நடுவில்கூட. உதவி பெறும் பள்ளி எந்தப் பக்கம் என்ற கேள்வியை இரண்டாவது வாரம் போட்டேன். நாஞ்சில் நாட்டான் சார் அரை மணி நேரம் என்றார், எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. "சேலரி இஸ் கவர்ன்மென்ட், பட் பெல் இஸ் சர்ச்" என்று ஒரு பையன் சொன்னான், அந்த வாக்கியத்தை நான் திருத்தவில்லை.

நேற்று முட்டத்துப் பிள்ளையின் அட்டையைத்தான் கொடுத்தேன். நான்கு அணி, சீட்டுக் குலுக்கல். மெட்ரிக் பையன் ஒருத்தனுக்கு அரசுப் பள்ளி விழுந்தது. "ஷி கேன் வாக். ஷி கேன் கம் ஹோம் அண்ட் ஸீ ஹர் மதர். த புக் இஸ் த ஸேம் புக்" என்று மூன்றே வாக்கியம் பேசினான். அதே பையன்தான் போன மாதம் அந்த 'புவர் பீப்பிள்' வாக்கியம் சொன்னது. அவன் அதை நினைத்துப் பேசினானா என்று எனக்குத் தெரியாது, நானும் கேட்கவில்லை.

அண்டியாபீஸ் அம்மாவின் பிள்ளைக்குப் போர்டிங் அணி. அவள் அதுவரை ஒரு ரப்பர் காயையும் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள். பெண்கள் பள்ளி அணி பஸ் இருக்கிறது, பாஸ் இலவசம் என்று சொன்னதும் எழுந்தாள். "யூ ஸெட் தட் த பஸ் இஸ் ஃப்ரீ." அந்த அணி தலையாட்டியது. "பட் த பஸ் இஸ் லேட். வென் த பஸ் இஸ் லேட், ஹூ வில் குக் ஃபார் ஹர் பிரதர்?" அப்புறம் தன் அணி போர்டிங் என்று ஞாபகம் வந்து ஒரு நொடி நின்றாள், போர்டிங்கில் இருந்தாலும் தம்பிக்கு யாரும் சமைக்க மாட்டார்களே. அவளே சமாளித்தாள்: "இன் போர்டிங், பிரதர் ஆல்சோ கேன் கம், பாய்ஸ் போர்டிங்." மூன்று காயையும் ஒரேயடியாக நடுவில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். அவள் அம்மா வேலை முடிந்து நேராக வந்தவர், அண்டிக்கறை படிந்த கையோடு கடைசி வரிசையில் இருந்தார். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி "என்ன சொல்லுகா?" என்று கேட்டதற்கு "பஸ்ஸப் பத்திச் சொல்லுகா" என்றார், அது எனக்குக் கேட்டது.

கடைசியில் எந்த அணி ஜெயித்தது என்று நாங்கள் சொல்லவில்லை. பிள்ளைகள் முட்டத்துப் பிள்ளையைப் பற்றி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவளுக்குப் பெயர் வைக்கச் சொல்கிறார்கள். போர்டிங் அணியிலிருந்து நிறையக் கேள்விகள் மிச்சம் இருக்கின்றன: ராத்திரி வீட்டு நினைப்பு வந்தால் என்ன செய்வார்கள், ஞாயிற்றுக்கிழமை யார் வந்து பார்ப்பார்கள், சாப்பாட்டில் மீன் உண்டா. எனக்கு இதற்கெல்லாம் பதில் தெரியாது. மிஷன் போர்டிங்கில் தங்கிப் படித்தவர்கள் இங்கே யாராவது இருந்தால், ஒரு ஞாயிறு சாயங்காலம் வேர்க்கிளம்பி வரை வர முடியுமா? பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேட்பார்கள், நீங்கள் மெதுவாகப் பதில் சொன்னால் போதும்.